குமரி மாவட்டப் பெண்களின் வரலாறு: பலகையில் யார் பெயரை எழுதலாம்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். கல்குளம் தாலுகாவில் உங்கள் கிராம நூலகச் சுவரில், குமரி மாவட்டத்துக் கிராமங்களின் வரலாற்றை மாற்றிய பெண்கள் என்று ஒரு பலகை வைக்கப்போகிறீர்கள். பெயர் தேடிப் பார்த்தால் திருவிதாங்கூர் ராணிகளும் வெள்ளைக்கார மிஷனரி அம்மாமார்களும்தான் கிடைக்கிறார்கள். நம்ம ஊரில் பிறந்த பெண் ஒருத்தி பெயர்கூட இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. ஆனால் தேடும் இடத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் வரலாறு நடத்தியவள் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் சொல்கிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் தூரத்தில் சிதறால் மலை. பழைய பெயர் திருச்சாரணத்து மலை. சமணத் துறவிகள் தங்கிப் படித்த இடம். இன்று மேலே பகவதி கோயிலாக இருக்கிறது. பாறையில் தீர்த்தங்கரர்களின் உருவங்களை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே அம்பிகை, பக்கத்தில் பிள்ளைகளும் சிங்கமுமாக நிற்கிறாள். அந்தப் பாறையிலேயே வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், பேராயிற்குடி அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குறத்திகள் என்பவர் இங்குள்ள பட்டாரியாருக்கு, அதாவது தேவிக்கு, பொன் அணிகலன் கொடுத்தார் என்கிறது அது. குறத்தி என்றால் இங்கே மலைக்குறத்தி அல்ல. குரவர் என்பதன் பெண்பால். ஆசிரியை, பெண் குரு என்று பொருள்.

ஏறக்குறைய ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால் நம் மலையில் ஒரு பெண் படித்திருக்கிறார், குருவாக மதிக்கப்பட்டிருக்கிறார், தன் கையில் பொன் வைத்திருந்து அதைத் தன் பெயரில் கொடுத்திருக்கிறார். யாருடைய மனைவி, யாருடைய மகள் என்று அந்தக் கல்லில் இல்லை. யாருடைய மாணவி என்றுதான் இருக்கிறது. நான் முதன்முதலில் அந்த வாசகத்தை வாசித்தபோது என்னை நிறுத்தியது இந்த ஒரு விஷயம்தான். உங்கள் பலகையின் முதல் பெயர் இவருடையதாக இருக்கட்டும்.

பெயரில்லாத இன்னொரு கல்வெட்டையும் சொல்ல வேண்டும். திருவிதாங்கோட்டில் இருப்பது. கொல்லம் ஆண்டு 871, அதாவது 1696இல் வேணாட்டு வீர கேரளவர்மன் வெட்டி வைத்தது. அன்று புலைப்பேடி, மண்ணாப்பேடி என்று ஒரு வழக்கம் இருந்தது. வருஷத்தில் குறிப்பிட்ட ஒரு காலத்தில், இருட்டிய பிறகு தனியாக வெளியே வந்த மேல்சாதிப் பெண்ணைப் புலையர் அல்லது மண்ணார் ஆண் தொட்டாலோ, கல்லோ கம்போ அவள் மேல் பட்டாலோ போதும், அவள் சாதியை இழந்தாள். பிறந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது. அந்த வழக்கம் இனிமேல் கூடாது என்கிறது கல்வெட்டு. மீறும் கீழ்ச்சாதியினருக்குக் கொடுந்தண்டனை என்று மிரட்டவும் செய்கிறது. தொடப்பட்ட பெண்ணை வெளியே தள்ளிய வீட்டாருக்கு எந்தத் தண்டனையும் கிடையாது. ஒரு ராத்திரியில் வீடு இழந்த அந்தப் பெண்கள் எத்தனை பேரோ, ஒருத்தி பெயரும் கல்லில் ஏறவில்லை. ஆனாலும் நம் மண்ணின் பெண்கள் வரலாற்றில் இந்தக் கல்லைத் தாண்டிப் போக முடியாது.

இனி தோள்சீலைப் போராட்டம். இதைப் பற்றி எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள், ஆனால் பெரும்பாலும் தவறாகச் சொல்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அன்றைய தென் திருவிதாங்கூரில், ஆவணங்களில் சாணார் என்று குறிக்கப்பட்ட நாடார் பெண்களும் அவர்களைப் போலவே தாழ்த்தி வைக்கப்பட்ட மற்றச் சாதிப் பெண்களும் தோளில் சீலை போடக் கூடாது. உடை என்பது அன்று சாதி அடையாளம். தனக்கு மேலே இருப்பவர் முன்னால் மார்பைத் திறந்து நிற்பதுதான் மரியாதை என்று ஆக்கி வைத்திருந்தார்கள். 1810களில் கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் மேலாடை அணியத் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் ரெசிடென்டாகவும் (கம்பெனியின் பிரதிநிதி) திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ காலத்தில் ஓர் உத்தரவு வந்தது. மதம் மாறிய பெண்கள், சிரியன் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், ஆனால் நாயர் பெண்களைப் போலத் தோள்சீலை போடக் கூடாது என்றது அது. குப்பாயம் என்பது தைத்த சட்டை. மிஷனரி அம்மாமார்களும் தளர்வான ஒரு ஜாக்கெட்டைத் தாங்களே வெட்டித் தைத்துக் கொடுத்தார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். உடம்பை மறைப்பது மட்டுமே விஷயமாக இருந்திருந்தால், குப்பாயத்தோடு கதை முடிந்திருக்கும். நம் பெண்கள் அதோடு நிற்கவில்லை. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் தோள்சீலையையும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். உடம்பு ஏற்கெனவே மறைந்திருந்தது. அந்தச் சீலை உனக்கு நான் குறைந்தவள் இல்லை என்று சொல்வதற்கு. தாக்கியவர்களுக்கும் அது நன்றாகவே புரிந்தது. அதனால்தான் அடி அந்தச் சீலையின் மேல் விழுந்தது. மானம் காக்கும் போராட்டம் என்று இதைச் சுருக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. அவர்கள் கேட்டது சமத்துவம், அதையும் தெளிவாகத் தெரிந்துதான் கேட்டார்கள்.

1822இல் கல்குளம், இரணியல் பகுதிகளில் முதல் சுற்று தாக்குதல். சந்தையிலும் வழியிலும் பெண்களின் மேலாடையைக் கிழித்தார்கள். வழக்கு பத்மநாபபுரம் நீதிமன்றத்துக்குப் போனது, 1823இல் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்தும் ஓயவில்லை. 1827 முதல் 1829 வரை இரண்டாம் சுற்று. ஜெபவீடுகளையும் பள்ளிக்கூடங்களையும் எரித்தார்கள். 1829 பிப்ரவரியில் அரண்மனை ஒரு விளம்பரம், அதாவது அரச அறிவிப்பு, வெளியிட்டது. கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயம் உண்டு, தோள்சீலை கிடையாது. அப்போது ஆட்சியில் இருந்தவர் ராணி கௌரி பார்வதி பாய்.

அந்த ராணியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1815இல், பதின்மூன்று வயதுப் பெண்ணாக ஆட்சிப் பொறுப்பை ஏற்றவர். 1817இல் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று அவர் பெயரில் வந்த உத்தரவை இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள், அந்தப் பெருமை சரியானதே. நாகர்கோவிலில் மிஷன் பள்ளிக்கு வருமானம் வர நிலம் வாங்க உதவியதும் அவர் அரசுதான். அதே அரசுதான் 1829இல் நம் பெண்களின் தோளிலிருந்து சீலையை இறக்கச் சொன்னது. பலகையில் அவர் பெயரை எழுதினால் இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதுவதானால் அவர் பெயரே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாம் சுற்று 1858 கடைசியில் தொடங்கி 1859க்குள் நீண்டது. இந்த முறை வீடுகள் எரிந்தன, கொள்ளை நடந்தது. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் வரை விவகாரம் போய், அவர் திருவிதாங்கூரைக் கடுமையாக நெருக்கினார். 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜாவின் விளம்பரம் வந்தது. பாடப்புத்தகங்களில் இதை வெற்றி என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த விளம்பரம் சொன்னதைப் பாருங்கள். சாணார் பெண்கள் கிறிஸ்தவரோ இந்துவோ, குப்பாயம் போடலாம். முக்குவத்திகள், அதாவது கடற்கரைப் பெண்கள், கட்டுவது போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம். வேறு எந்த விதமாகவும் மார்பை மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. 37 வருஷம் அடிபட்ட பிறகும் அந்தக் கடைசி ஒரு முழம் கிடைக்கவில்லை. பிறகு பெண்கள் போட்டுப் போட்டே அதை வழக்கமாக்கினார்கள்.

இன்னொன்று. இணையத்தில் இதோடு முலைவரி (தாழ்த்தப்பட்ட பெண்கள் மார்பை மறைப்பதற்குப் போட்டதாகச் சொல்லப்படும் வரி) கதையையும் நங்கேலி என்ற பெண்ணின் கதையையும் சேர்த்து எழுதுகிறார்கள். நங்கேலி கதை கேரளத்தில் சேர்த்தலைப் பக்கத்து வாய்மொழிக் கதை. குமரியில் நடந்தது வரிக்கு எதிரான போராட்டம் அல்ல, உடைக்கான போராட்டம். உங்கள் பலகையில் இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

இந்தப் போராட்டத்தில் மிஷனரிகளின் பெயர் இருக்கிறது, ரெசிடென்டுகள், திவான்கள், நீதிபதிகள் பெயர் இருக்கிறது. சீலையைப் போட்டுக்கொண்டு நடந்தவர்களின் பெயர் நம் கையில் இல்லை. அதனால் பலகையில் பெரிய எழுத்தில் ஊர்ப் பெயர்களைப் போடுங்கள்: கல்குளம், இரணியல். “இந்த ஊர்ச் சந்தைகளுக்குத் தோள்சீலையோடு போன பெண்கள்” என்று எழுதுங்கள். அதுவும் ஒரு பெயர்தான்.

அதே காலத்தில் தென் திருவிதாங்கூரில் அய்யா வைகுண்டர் எளிய மக்களைத் திரட்டினார். ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னதை எல்லாரும் பேசுவார்கள். அவரை நோயாளியாகத் திருச்செந்தூருக்குக் கொண்டுபோன தாய் வெயிலாளையும் அந்தச் சரித்திரம் மறக்கவில்லை. சாமித்தோப்புப் பக்கம் போனால் பெண்களிடம் கேளுங்கள், நடந்த தூரம்வரை கதையாகச் சொல்வார்கள்.

அப்புறம், நீங்கள் சலித்துக்கொண்ட அந்த வெள்ளைக்கார அம்மாமார்கள். அவர்களை அவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியாது. ஜோஹன்னா மீட், மார்த்தா மால்ட் என்ற இருவரும் லண்டன் மிஷன் ஊழியர்களின் மனைவிகள். 1819இல் நாகர்கோவிலில் பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார்கள். அதுதான் இன்றைய டதி பெண்கள் பள்ளி. ஆண் பிள்ளைகளையே படிக்க வைக்கத் தயங்கிய காலத்தில், பெண் பிள்ளையை, அதுவும் அடிமைச் சாதிப் பிள்ளையைப் படிக்க அனுப்புவது என்றால் பெற்றவர்கள் எவ்வளவு பயந்திருப்பார்கள்! சோறும் துணியும் கொடுத்துத்தான் சேர்த்தார்கள்.

1821 வாக்கில் மார்த்தா மால்ட் அந்தப் பிள்ளைகளுக்கு ரேந்தை பின்னச் சொல்லிக் கொடுத்தார். லேஸ் என்று இப்போது சொல்கிறோமே, அதற்கு நம் ஊர்ப் பெயர் ரேந்தை, போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். இது வெறும் கைத்தொழில் வகுப்பு அல்ல. அடிமைகளாக இருந்த பெண் பிள்ளைகள் ரேந்தை பின்னிக் கிடைத்த காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைக்கு வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி முழுமையாக ஒழிந்தது 1855இல். அதற்கு முன்னாலேயே விரல் நுனியால் அதிலிருந்து வெளியே வந்த பெண்கள் நாகர்கோவிலில் இருந்தார்கள்.

என் பெரியம்மை, அம்மையின் அக்கா, ரேந்தை பின்னுவார். நான் சின்னப் பிள்ளையாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மடியில் வைக்கோல் அடைத்த கெட்டியான உருண்டைத் தலையணை. அதன் மேல் ஓட்டை குத்திய காகிதத்தில் பூ வரைந்திருக்கும். ஓட்டைக்கு ஓட்டை குண்டூசி. ஒவ்வொரு நூலின் நுனியிலும் பென்சில் பருமனில் ஒரு மரக்கட்டை. இருபது முப்பது கட்டைகள் தலையணையைச் சுற்றித் தொங்கும். பெரியம்மை இரண்டு கையிலும் இரண்டிரண்டாக எடுத்து, வலத்தை இடத்துக்கு மேல் போட்டு, முறுக்கி, ஒரு ஊசியைக் குத்தி, அடுத்ததுக்குப் போவார். கட்டைகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் மழைத்துளி ஓட்டில் விழுவது போலக் கேட்டுக்கொண்டே இருக்கும். கண் காகிதத்தில் இருக்காது, எங்கள் மேல்தான் இருக்கும். யார் யாரை அடித்தார்கள் என்று தீர்ப்பும் சொல்வார், கை நிற்காது. ஒரு நாள் முழுக்கப் பின்னினால் ஒரு சாண் வரும். வெள்ளை நூல் அழுக்காகக் கூடாது என்பதால் எங்களைத் தொடவே விட மாட்டார். அந்த ஒரு சாணுக்குக் கிடைத்த காசில்தான் அவர் மகள் பத்தாவது வரை படித்தாள்.

பெயர்கள் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கும் இங்கே ஒரு காரணம் இருக்கிறது. அந்த விடுதிப் பள்ளிகளில் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை இங்கிலாந்தில் யாராவது ஏற்றால், அந்தக் கொடையாளரின் பெயரையே பிள்ளைக்கு வைப்பது வழக்கம். அதனால் பழைய பதிவேடுகளில் நம் ஊர்ப் பெண்கள் ஆங்கிலப் பெயரோடு இருப்பார்கள். லோயிஸ் பிடுல்ஃப் என்ற பெயரைப் பாருங்கள். யாரோ வெள்ளைக்காரி என்று தாண்டிப் போவோம். அவர் தேவவரம் முன்ஷி என்ற பறையர் குலத்துக் கிறிஸ்தவரின் மகள். ஜோஹன்னா இறந்த பிறகு சார்லஸ் மீட் இவரைத்தான் மணந்தார். அதை மிஷன் வட்டாரம் பொறுக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்த மீட் மிஷனை விட்டு வெளியே போக வேண்டியதாயிற்று. எல்லாரும் மீட் செய்த தியாகம் என்று எழுதுகிறார்கள். அத்தனை பேரும் முகம் சுளித்த வீட்டுக்குள் போய்க் குடித்தனம் நடத்திய அந்தப் பெண்ணின் தைரியத்தை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன். நீங்கள் மிஷனரி அம்மா என்று ஒதுக்கிய பட்டியலிலேயே நம் பெண் ஒருத்தி இருந்திருக்கிறாள் பாருங்கள்.

நாஞ்சில் நாட்டுப் பக்கம் வந்தால் வேறு கதை. அங்கே வெள்ளாளரிடம் மருமக்கள்வழி இருந்தது. தாய்வழிச் சொத்துரிமை என்றதும் பெண்கள் ராஜ்யம் என்று சிலர் நினைக்கிறார்கள். நடந்தது அப்படியில்லை. சொத்தை ஆண்டது காரணவர் என்ற ஆண்தான். அவர் இறந்தால் சொத்து சகோதரியின் மகனுக்குப் போகும். மனைவியும் பிள்ளைகளும் உகந்துடைமை என்ற சின்னப் பங்கோடு வீதிக்கு வர வேண்டியதுதான், அதற்கும் வழக்கு. தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதைத்தான் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியத்தில் ஐந்தாவது மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒருத்தியின் வாயால் சொல்லவைத்தார். 1926இல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்து அந்த முறை போனது. கவிமணிக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? அடுக்களையிலும் படித்துறையிலும் பெண்கள் பேசியது காதில் விழாமல் அந்தப் பாட்டை ஒருவர் எழுதியிருக்க முடியாது. சட்டத்தை வாங்கித் தந்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

அந்தச் சட்டம் வந்தபோது ராஜப்பிரதிநிதியாக இருந்தவர் ராணி சேது லட்சுமி பாய். 1930இல் கோயில்களில் தேவதாசி முறையை நிறுத்தியதும் அவர்தான். தென் திருவிதாங்கூரில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. சுசீந்திரம், கன்னியாகுமரி போன்ற கோயில்களில் குடிக்காரி என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் இங்கேதான் அதிகம். ராணிகளில் ஒருவருக்குத்தான் இடம் என்றால் நான் இவரைச் சொல்வேன்.

ஔவையாருக்கும் நம் மாவட்டத்தில் கோயில் இருக்கிறது, தாழக்குடிப் பக்கம். ஆடிச் செவ்வாயில் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க் கூழும் கொழுக்கட்டையும் செய்து படைப்பார்கள். வீட்டில் பிடிக்கும் ஔவை நோன்பு இன்னும் விசேஷம். உப்பில்லாக் கொழுக்கட்டை, ஆண்கள் கண்ணில் படக் கூடாது, கதையும் அவர்கள் காதில் விழக் கூடாது. “மறந்தால் மாசி, தட்டினால் தை, அசந்தால் ஆடி” என்பார்கள். மூன்று மாதத்தில் ஏதாவது ஒன்றிலாவது பிடித்துவிட வேண்டும். பெண்கள் தாங்களே கூடி, தாங்களே கதை சொல்லி, ஆண் துணை இல்லாமல் நடத்திக்கொள்ளும் சபை அது. இந்தப் பக்கம் ஔவை, அந்தப் பக்கம் ஆரல்வாய்மொழிக்கு அப்பால் முப்பந்தலில் இசக்கி. அநியாயமாகச் செத்த பெண்ணை ஊர் இசக்கியாக்கிக் கும்பிடும். ஒவ்வொரு ஊர் இசக்கிக்கும் பின்னால் கொலையான ஒருத்தியின் கதையை வில்லுப்பாட்டில் பாடுவார்கள். உங்கள் ஊர் இசக்கி யார் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். பலகைக்கு அல்ல, நூலகக் கோப்புக்கு.

இனி, பலகையில் கட்டாயம் இருக்க வேண்டியவர் லூர்தம்மாள் சைமன். இவர் பெயர் உங்கள் தேடலில் வரவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அதற்காக 1954 ஆகஸ்டு 11 அன்று புதுக்கடையிலும் தொடுவெட்டியிலும் போராடியவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். சேர்ந்து அரை வருஷத்துக்குள் 1957 தேர்தல். குளச்சல் தொகுதியில் நின்று ஜெயித்தார் லூர்தம்மாள். காமராஜர் அமைத்த எட்டுப் பேர் அமைச்சரவையில் ஒரே பெண் இவர்தான். மீனவச் சமூகத்திலிருந்து வந்தவர். கையில் இருந்தது உள்ளாட்சித் துறையும் மீன்வளத் துறையும்.

அந்த இரண்டு துறைகளும் என்னவென்று யோசியுங்கள். 1958இல் சென்னை மாநிலப் பஞ்சாயத்துச் சட்டம் வந்தபோது அந்தத் துறைக்கு அமைச்சர் இவர். கிராமத்துக்குத் தெருவிளக்கு, கிணறு, சாலை எல்லாம் அந்த அமைப்பின் வழியாகத்தான் வந்தன. மீன்வளத்தில், கட்டுமரமும் வள்ளமும் பருத்தி நூல் வலையுமாக இருந்த கடற்கரைகளுக்கு விசைப்படகும் நைலான் வலையும் வரத் தொடங்கிய காலம் அது. தலையில் பனையோலைக் கடவத்தில் மீனைச் சுமந்துகொண்டு மைல் கணக்கில் நடந்து விற்ற பெண்களின் கரையிலிருந்து ஒருத்தி போய் மீன்வளத் துறை நாற்காலியில் உட்கார்ந்தாள். 1859 விளம்பரத்தில் முக்குவத்தியின் உடை தாழ்ந்ததற்கு ஒரு அளவுகோலாக இருந்ததே, நூறு வருஷம் கழித்து அதே கரையின் பெண் அமைச்சர். இந்த இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுத முடிந்தால் எழுதுங்கள்.

உழைக்கும் பெண்களைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடிகிறது, எழுதினால் தனிப் புத்தகமாகும். விளைகளில் ஆண்கள் பனை ஏறி அக்கானி (பதநீர்) இறக்கினால் பாதி வேலைதான் முடிந்தது. சுள்ளி பொறுக்கி, அடுப்பெரித்து, பதம் பார்த்துக் கருப்பட்டியாக்கியது பெண். கல்குளம், விளவங்கோட்டில் அண்டி ஆபீஸ் என்றால் தெரியாதவர் கிடையாது, முந்திரிப் பருப்புத் தொழிற்சாலை. ஓட்டுப் பால் பட்டு விரல்கள் கறுத்து வெந்திருக்கும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். நான் பாடம் நடத்திய வகுப்புகளில் பாதிப் பிள்ளைகளின் கட்டணம் அந்தக் கறுத்த விரல்களிலிருந்து வந்தது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு நம் மாவட்டம் தமிழ்நாட்டில் முதலிடம் என்கிறோம். அந்த எண்ணுக்குள் அண்டி ஆபீஸ் இருக்கிறது, ரேந்தைத் தலையணை இருக்கிறது. வெள்ளிக்கோட்டைச் சேர்ந்த மலர்வதி, துப்புரவு வேலை செய்யும் பெண்ணின் வாழ்க்கையை எழுதிய தூப்புக்காரி நாவலுக்காக 2012இல் சாகித்திய அகாதமியின் யுவ புரஸ்கார் பெற்றார். அந்த வரிசையில் அவரையும் சேர்க்கலாம். 2017இல் ஒக்கிப் புயலில் ஆண்கள் கடலில் காணாமல் போனபோது, குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் போய் உட்கார்ந்த கடற்கரைப் பெண்களையும் மறந்துவிடாதீர்கள். தேடுதலைத் தீவிரமாக்கச் சொல்லி அவர்கள் எழுப்பிய சத்தம் டெல்லி வரை கேட்டது.

சரி, இனி செய்ய வேண்டியது. பெயர்கள் நீங்களே சேர்க்கலாம். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் தலைவர்களின் பெயர்ப்பலகை இருக்கும். 1996 தேர்தலுக்குப் பிறகு பெண் பெயர்கள் வரும். முதல் பெண் தலைவர் உயிரோடு இருந்தால் போய்ப் பேசுங்கள். ஊரின் பழைய பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் பதிவேட்டைக் கேளுங்கள், முதல் பெண் பிள்ளை எந்த வருஷம் சேர்ந்தாள் என்று தெரியும். திருச்சபையின் திருமணப் பதிவேட்டில் மணமகள் கையெழுத்துப் போட்டாளா, கைரேகை வைத்தாளா என்று பாருங்கள். எந்த வருஷத்தில் கைரேகை போய்க் கையெழுத்து வருகிறதோ அந்த வருஷத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவச்சி யார், முதல் டீச்சர் யார், முதலில் நர்ஸ் வேலைக்கு வெளியூர் போனவள் யார் என்று எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள், இதுவரை யாரும் கேட்டதில்லை.

உங்கள் பகுதியில் ஒரு வீட்டுப் பரணிலாவது பழைய ரேந்தைத் தலையணை கிடக்கும். கிடைத்தால் கேட்டு வாங்கி, பலகைக்குக் கீழே ஒரு மேசை போட்டு வையுங்கள். பாதியில் விட்ட பின்னல் இருந்தால் அப்படியே இருக்கட்டும், கழற்ற வேண்டாம். பின்னல் இல்லாத இடத்தில் தனியாகக் குத்தியிருக்கும் ஊசிகளை மட்டும் எடுத்துவிடுங்கள். துருப்பிடித்திருக்கும், பிள்ளைகள் கை வைப்பார்கள்.